கடல் எப்பவும் இடது பக்கம்

தங்கச்சி வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவு நாற்பது விநாடிதான். "அண்ணே, இந்தத் தடவை கோயில் கோயிலா அலைய முடியாது. ரெண்டு நாள், கடலோரமா, நிதானமா கார்ல போயிட்டு வரணும். அவ்ளோதான்."

அதற்குப் பின்னாலேயே ஒரு எக்செல் தாளும் வந்து விழுந்தது. திறந்து பார்த்தால் பதினோரு வரிசை. தேவனாம்பட்டினம், செயின்ட் டேவிட் கோட்டை, சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி. ஒவ்வொரு ஊருக்கும் நேராக '45 நிமிடம்', '30 நிமிடம்' என்று கணக்கு. அவள் சிட்னிக்குப் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. நிதானம் என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் நிமிடக் கணக்குப் போடுகிற புத்தி அந்த ஊர் கொடுத்ததா, எங்கள் அப்பா கொடுத்ததா என்று தெரியவில்லை. அப்பா ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிடுகிற ஆள்.

ஆனால் அவள் மேல் மட்டும் தப்பு சொல்ல முடியாது. அவர்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் நானே போயிருக்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி நாங்கள் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை எல்லோரையும் காரில் ஏற்றினார். முதல் நிறுத்தம் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயில். சிட்னித் தமிழர்கள் தெற்கே கடலோரமாகக் கிளம்பினால் அங்கேதான் பிள்ளையார் சுழி போடுகிறார்கள். ஒரே வளாகத்தில் பெருமாளையும் சிவனையும் கும்பிட்டு, கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் பால்ட் ஹில் என்று ஒரு மேடு. கீழே ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. 1894-ல் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் பெட்டிப் பட்டங்களைக் கோத்து அதில் தொங்கி, பதினாறு அடி உயரம் காற்றில் எழும்பிய இடம். இன்றைக்கும் அந்த மேட்டிலிருந்து ஆட்கள் இறக்கை கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துப் பாய்கிறார்கள். அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "யாராச்சும் பிடிங்களேன்ப்பா" என்றார்.

அப்புறம் சீ கிளிஃப் பாலம். மலைச்சரிவை ஒட்டி இருந்த பழைய சாலையில் பாறை விழுந்துகொண்டே இருந்ததால் 2003-ல் அதை மூடிவிட்டார்கள். மலையோடு மல்லுக்கட்டாமல் சாலையையே கடலுக்கு மேலே நகர்த்தி, 665 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி 2005-ல் திறந்தார்கள். அதில் போகும்போது இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் பாறை, நடுவில் நாம். வண்டியும் நம்ம ஊர் மாதிரி சாலையின் இடது பக்கம்தான் ஓடும். அதனால் கடல் நம் ஜன்னலுக்கே வந்துவிடும். கடைசியாகக் கயாமா. பாறைத் துளை வழியாகக் கடல் பீய்ச்சியடிக்கும் என்றார்கள். நாங்கள் போன அன்றைக்குக் கடலுக்கு மூட் இல்லை, லேசாக இருமிவிட்டு நின்றுகொண்டது. சிட்னியிலிருந்து கயாமா சுமார் 120 கிலோமீட்டர். ஒரு முழுநாள் ஆக்கினோம். திரும்பும்போது களைப்பே இல்லை.

அந்த ஞாபகத்தில்தான் தங்கச்சி எக்செல் போட்டிருக்கிறாள். கடலூரிலிருந்து தரங்கம்பாடி நூறு கிலோமீட்டர் சொச்சம். தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் பயணமும் ஒன்றுதானே?

இல்லை. இங்கே கிழக்குக் கடற்கரைச் சாலை, ஈசிஆர் என்று சொல்லிக்கொண்டு போகிறோமே, கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். ஆலப்பாக்கம் வரும், புதுச்சத்திரம் வரும், பு.முட்லூர் வரும். ரசாயன ஆலைகளின் வாடை வரும், ஜன்னலை ஏற்றிக்கொள்ள வேண்டும். கடல் மட்டும் வராது. ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காது. ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, நம்ம நிலம் அப்படி. அங்கே மலை கடலுக்குள்ளேயே இறங்குகிறது, சாலை அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகிறது. இங்கே தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம், அதற்கப்புறம் காவிரி என்று வரிசையாக ஆறுகள் வந்து, கடலுக்குப் பக்கத்தில் வாயை அகல விரித்து, உப்பங்கழியும் சேறும் மணல்மேடுமாகக் கிடக்கின்றன. கரையை ஒட்டியே சாலை போட்டால் நாலு கிலோமீட்டருக்கு ஒரு பாலம் கட்ட வேண்டும். அதனால் சாலை உள்ளே தள்ளி மேட்டு நிலத்தில் ஓடுகிறது. கடல் வேண்டும் என்றால் அங்கங்கே கிழக்கே திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும்.

சீப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை அதன் தண்டு. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், பழையாறு, பூம்புகார் எல்லாம் பற்கள். பதினோரு பல்லிலும் இறங்கி ஏறினால் அதற்குப் பெயர் உல்லாசப் பயணம் இல்லை, பேன் பார்ப்பது. தங்கச்சிக்குப் போன் போட்டு இதைத்தான் சொன்னேன். அரை நாளைக்கு ஒரு பல். அதற்கு மேல் கிடையாது.

"அப்படின்னா மூணு இடம்தான் தேறும்."

"மூணு போதும்."

"அம்மா வேளாங்கண்ணிக்கு நேந்துகிட்டிருக்காங்க."

இந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

எப்போது போவது என்பதில் சண்டையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முதல் பாதி வரைக்கும் இந்தக் கரைப்பக்கம் யாரையும் அழைக்க மாட்டேன். 2011 டிசம்பர் 30-ம் தேதி விடிகாலை தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது இன்னும் இங்கே பேச்சில் இருக்கிறது. மார்கழி ஆருத்ராவும் ஆனித் திருமஞ்சனமும் வந்தால் சிதம்பரத்து நாலு வீதியிலும் சைக்கிள்கூட நுழையாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, மீன் விலை ஏறிவிடும், வெயிலும் மண்டையைப் பிளக்கும். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். கிள்ளை தர்காவிலிருந்து அவருக்கு மரியாதை செய்வார்கள். அது பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் கூட்டத்தில் நின்று பார்ப்பதற்கு, ஓய்வுக்கு இல்லை. ஆக, பொங்கல் கழிந்து மாசி மகத்துக்கு முந்தின இரண்டு மூன்று வாரம்தான் நமக்குத் தோது. பிப்ரவரி முதல் வாரம் என்று முடிவு செய்தோம்.

புதுச்சேரியில் ஒரு கல்யாணம் முடித்துக்கொண்டு, மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். நான், என் மனைவி, அம்மா, தங்கச்சி, மாப்பிள்ளை, பத்து வயசுப் பையன். தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். முதல் பல் தேவனாம்பட்டினம். சில்வர் பீச் என்ற இங்கிலீஷ் பெயர்தான் இன்றைக்கும் ஆட்டோக்காரர் வாயில் வருகிறது. அதற்குப் பக்கத்தில், கெடிலம் கடலில் சேருகிற இடத்தில் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டை என்று நம்பிப் போகாதீர்கள். இடிந்த சுவரும் புதரும்தான் மிச்சம். ஆனாலும் பையனுக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. 1690-ல் மராட்டியரிடமிருந்து இங்கிலீஷ்காரர்கள் இதை விலைக்கு வாங்கியபோது எல்லையை அளக்க நூல் பிடிக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டார்கள். குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் அவர்களுக்கு. அப்படி வளைத்துப்போட்ட ஊர்களில் ஒன்றுதான் குண்டு உப்பலவாடி. இன்றைக்கும் கடலூரில் குண்டு சாலை என்றே ஒரு சாலை இருக்கிறது. 1746-ல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமாகவே இது ஆனது. அப்புறம் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்தார். பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னும் பெரிய பீரங்கி வச்சிருந்தா சிதம்பரமும் போயிருக்குமா மாமா?" என்றான்.

கடற்கரையில் மாங்காய்ப் பத்தை, சுண்டல். சூரியன் எங்களுக்கு முதுகுப் பக்கம் இறங்கியது. கிழக்குக் கரை ஆட்களுக்கு மாலையில் கடலில் தெரிவது வானத்துச் சாயம்தான், சூரியன் இல்லை. சிட்னியிலும் அப்படித்தான் என்பதால் பையன் ஏமாறவில்லை. கால் நனைத்தோம், இறங்கவில்லை. இந்தக் கடல் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆளை உள்ளே இழுக்கும். அலை உடையாமல் ஓரிடத்தில் தண்ணீர் மட்டும் அமைதியாக இருந்தால் அங்கேதான் இழுப்பு அதிகம் என்று மாப்பிள்ளை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் கடற்கரையில் சிவப்பு மஞ்சள் கொடி இரண்டு நட்டு, அதற்கு நடுவில் மட்டும் குளி என்பார்கள். இங்கே கொடி கிடையாது. கரையில் வலை பிரிக்கிறவரிடம் கேளுங்கள், சொல்வார்.

ராத்திரி சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் படுத்தோம்.

மறுநாள் பிச்சாவரம். வீட்டிலிருந்து 15 கிலோமீட்டர், கிள்ளை வழி. படகுத்துறை திறப்பதற்கு முன்னாடியே போய் டீ குடித்துக்கொண்டு நின்றோம். விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எஞ்சின் சத்தத்தில் காடு வாயை மூடிக்கொள்ளும். அகலமான கழியைத் தாண்டி ஒரு சின்ன வாய்க்காலுக்குள் படகு நுழைந்ததும் வெளிச்சமே மாறிப்போனது. இரண்டு பக்கமும் சுரபுன்னை. கிளையிலிருந்து வேர் இறங்கி, வளைந்து, தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிறது. தலைக்கு மேலே இரண்டு கரை மரமும் கை கோத்துக்கொண்டு நிற்கின்றன. "குனிஞ்சுக்குங்க, குனிஞ்சுக்குங்க" என்று படகுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். துடுப்பு போட இடம் இல்லாத இடத்தில் வேரைக் கையால் பிடித்துப் படகைத் தள்ளினார். ஒரு வேரில் சிவப்புக் கொடுக்கோடு ஒரு சின்ன நண்டு. நாங்கள் நெருங்க நெருங்க வேரைச் சுற்றி அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டது, தூணைச் சுற்றிக் கண்ணாமூச்சி ஆடுகிற குழந்தை மாதிரி.

சுரபுன்னைக் காயைப் பையனுக்குக் காட்டினார். மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி நீண்டு நிற்கிறது. விழுந்தால் நேராகச் சேற்றில் குத்திக்கொண்டு, அங்கேயே மரமாகிவிடும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருந்த வேர்களைப் பார்த்ததும் பையன் எழுந்து நின்றுவிட்டான். "இது எங்க ஊர்ல இருக்கு!" அவன் சொன்னது சரி. அது வெண்கண்டல். ஹோம்புஷ் பக்கத்தில் ஒலிம்பிக் பார்க்கில் பலகைப் பாதை போட்டு இதே மரத்தைத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்களாம். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, சொந்த ஊர் மரத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம்.

எனக்குச் சந்தோஷம் வேறு மரத்தில். தில்லை. எங்கள் ஊருக்கே அந்த மரத்தால்தான் தில்லை என்று பெயர். நடராஜர் கோயிலுக்குத் தல விருட்சம் அது. ஆனால் சிதம்பரத்துத் தெருவில் தேடினால் கிடைக்காது, இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். உதிரப்போகிற இலைகள் மட்டும் சிவந்து நிற்கும். கை நீட்டிய தங்கச்சியைப் படகுக்காரர் அதட்டினார்: "தொடாதீங்கம்மா, பால் கண்ணுல பட்டா வம்பு." ஊருக்குப் பெயர் கொடுத்த மரம் கிட்டே வராதே என்கிறது. சிதம்பரத்துக்காரனாக இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இந்தக் காடு சுமார் 1,100 ஹெக்டேர், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். படகுக்காரருக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்துக்காக எம்ஜிஆர் இங்கே வந்தார் என்பதுதான் அவருக்கு முதல் வரலாறு. அம்மாவும் அவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்ததில் கரை வந்ததே தெரியவில்லை. வரும் வழியில் ஆழமில்லாத தண்ணீரில் இருளர் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து நகர்ந்துகொண்டே கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்தார்கள். பிடித்ததைப் போட, கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார்கள். அதனால் பேச்சே இல்லை. நாங்களும் பேசாமல் கடந்தோம்.

பத்தரை மணிக்கெல்லாம் வீடு. அம்மா கொத்சு வைத்தார். கத்திரிக்காயை எண்ணெய் தடவி அடுப்பில் சுட்டு, தோல் உரித்து, கையாலேயே மசித்து, புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, வறுத்து அரைத்த மிளகாய் தனியாப் பொடியைப் போட்டு, இறக்கும்போது நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டார். கூடவே மிளகு, சீரகம், நெய் போட்ட சம்பா சாதம். சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தவர்கள் மூன்றரை மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எக்செல் தாளில் இந்த நேரத்துக்கு பரங்கிப்பேட்டை என்று போட்டிருந்தது. கடற்கரைப் பயணம் போகிறவர்கள் பண்ணுகிற பெரிய தப்பு, பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் உள்ள வெயிலைப் 'பார்க்க வேண்டிய இடங்களுக்கு' ஒதுக்குவது. அந்த நேரம் தூக்கத்துக்கு எழுதி வைத்தது.

நாலு மணிக்குத் தெற்கே கிளம்பினோம். கொள்ளிடம் பாலத்தில் நிதானமாகப் போனோம். தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரிந்தது. சீர்காழி தாண்டி, கூகுள் காட்டிய குறுக்கு வழியில் நுழைந்தது என் தப்பு. அறுவடைக் காலம். பாதிச் சாலையில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் வைக்கோல். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். வைக்கோல் மேலேயே ஏற்றிப் போ என்கிறார். ஒட்டியிருக்கிற மணி உதிருமாம். மாப்பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. அவர்கள் ஊரில் அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே வரும் என்று பலகை வைத்திருப்பார்கள். இங்கே தையிலிருந்து பங்குனி வரைக்கும் நெல்லும் உளுந்தும் குறுக்கே வரும், பலகை கிடையாது. எட்டு கிலோமீட்டரைக் கடக்க நாற்பது நிமிடம்.

திருக்கடையூரைத் தாண்டும்போது அம்மா கும்பிட்டுக்கொண்டார். முன்னால் போன மூன்று காரிலும் கழுத்தில் மாலையோடு வயசான தம்பதிகள், அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ முடித்துத் திரும்புகிறவர்கள். இரண்டாவது கார்த் தாத்தா பின் சீட்டில் மாலையைக் கழற்றாமலே வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

தரங்கம்பாடியில் தங்க இணையத்தில் ஓர் அறை பிடித்திருந்தேன். 'கடலைப் பார்த்த அறை' என்று போட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கருப்புத் தண்ணீர்த் தொட்டி. கேட்டதற்கு, மொட்டை மாடிக்குப் போனால் கடல் தெரியும் சார் என்றார்கள். போனோம், தெரிந்தது. பொய் சொல்லவில்லை என்று சமாதானம் ஆனோம். ஊர் பெயர் வேண்டாம், லாட்ஜ் பெயர் வேண்டாம் என்று எழுத நினைத்தேன், ஊர் பெயரைச் சொல்லிவிட்டேன். கடலைப் பார்த்த அறை என்றால் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அதிகாலை ஐந்தே முக்காலுக்கு எல்லோரையும் எழுப்பினேன். 1792 என்று பொறித்த நகர வாசலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் நேரே நடந்தால் கடல். வழியில் 1718-ல் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். அவர் 1706-ல் இங்கே வந்து இறங்கித் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தவர். வலது பக்கம் டேன்ஸ்பர்க் கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845-ல் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இடது பக்கம் மாசிலாமணிநாதர் கோயில், 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இப்போது பாறாங்கல் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாறை மேலேதான் உட்கார்ந்தோம். சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பியது. முதலில் சிவப்பாகவும் இல்லை மஞ்சளாகவும் இல்லை, உரித்த சாத்துக்குடிச் சுளை நிறம். ஃபைபர் படகு ஒன்று அலை மேல் ஏறி மணலில் வந்து மோதியது. நாலு பேர் குதித்து இழுத்தார்கள். வலையில் சின்னச் சின்ன மத்தி. பையன் ஓடிப் போய் ஒரு கை கொடுத்தான். நனைந்த டவுசரோடு திரும்பி வந்தான்.

ஏழு மணி ஆனது, ஏழரை ஆனது. தாளில் ஏழேகாலுக்குக் காரைக்கால் என்று இருந்தது. தங்கச்சி போனை எடுத்துப் பார்த்தாள், பைக்குள் போட்டாள்.

"இங்கயே இருந்துட்டுத் திரும்பிடலாமே அண்ணே."

அம்மா முகத்தைப் பார்த்தேன். "மாதா எங்கயும் ஓடிப்போயிடல" என்றார். கோபமா சம்மதமா என்று புரியவில்லை. மறு வாரம் அவரும் என் மனைவியும் பஸ் ஏறி வேளாங்கண்ணி போய், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சாயங்காலம் வந்துவிட்டார்கள். ரொம்ப சௌகரியமாக இருந்தது, கார் என்றால் உங்களோடு வந்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்.

ஒரே ஒரு வருத்தம். பரங்கிப்பேட்டை அல்வா. நானே பல் கணக்குப் போட்டு அந்த ஊரை அடித்துவிட்டதால் வாங்கவில்லை. தங்கச்சி சென்னை விமான நிலையத்திலிருந்து போன் பண்ணி அதைத்தான் கேட்டாள். வாங்கியிருந்தாலும் சிட்னியில் இறங்கி, தின்பண்டம் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்து, பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும் என்று சமாதானம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு நானே போனேன். வெள்ளாற்றுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அரைக் கிலோ வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்துப் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை.